ஏலம் போகாத தார்

சாயல்விளையில் கிருபைராஜின் பொறுப்பில் இருந்தவை மூன்று குட்டைகள். தாமிரபரணி கடலில் சேரும் கழிமுகத்தை ஒட்டிய சின்ன ஊர் அது. முந்நூறு வீட்டுச் சாக்கடையும் குழாய் வழியே முதல் குட்டையில் விழும். கசடு அடியில் தங்கும். இரண்டாவதில் வெயிலும் பாசியும் தம் வேலையைப் பார்க்கும். மூன்றாவதற்கு வரும்போது தண்ணீர் தெளிந்து, கெண்டை துள்ளும். பஞ்சாலை மூடியதால் வேலை இழந்த ஃபிட்டரான கிருபைராஜ், மதகு மதகாய்த் திருகிப் பழகி அதைத் தெளிய வைத்திருந்தார். ஊர் அதற்கு வைத்த பெயர் பீக்குளம். அவருக்கு வைத்தது சாக்கடை.

தொண்ணூற்றாறு அக்டோபரில் கழிவுநீர்த் திட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தெளிந்த நீரைப் பாசனத்துக்கு எடுப்பதாக ஐந்து விவசாயிகள் மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் குட்டைகளை மூடி, குழாயை நேரே கழிமுகத்தில் விட்டுவிடுவார்கள்.

கிருபைராஜ் வீடு வீடாக ஏறி இறங்கினார். கிணறெல்லாம் உப்புக் கரிக்கிற ஊர். வாழை இலை ஓரம் கருகுகிறது. ஆனாலும் ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"தண்ணி நல்லாத்தான் இருக்கும்வே," என்றார் தோப்புக்கார நேசையா. "எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சு போச்சுல்லா. அதான் சங்கடம்."

கடைசியில் கிருபைராஜுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வருகிறது. ஆளாளுக்கு விளைச்சலைக் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். மூன்றாம் குட்டைக் கரையில் அவர் வளர்த்த கதலி வாழை குலை தள்ளி, தார் முற்றியிருந்தது.

"வேண்டாம்னு சொல்லுதேன், ஊரே சிரிக்கும்," என்றாள் மனைவி பாக்கியவதி.

"சிரிக்கட்டும். ஒருத்தன் வாங்கித் தின்னுட்டாம்னா போதும். மறுநாளே கையெழுத்து வாங்கிருவேன்."

ஏலம் விட்டவர், மணியடிப்பது முதல் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பாக்கியசீலன். பூசணி போனது, சேவல் போனது. கிருபைராஜின் தாரைத் தூக்கிக் காட்டியபோது மட்டும் யாரும் விலை சொல்லவில்லை.

"அருமையான தாருய்யா. யாராவது கேளுங்க."

"மூக்கப் பிடிச்சிட்டுல்லா கேக்கணும்," என்றது பின்வரிசை. சிரிப்பு பரவியது. மூன்று முறை கேட்டுவிட்டு, கோயில்பிள்ளை தாரை மெல்ல ஓரமாக வைத்தார்.

அடுத்தது நேசையாவின் தார். போட்டி போட்டு விலை ஏறியது. ஹெப்ரான் என்ற மளிகைக்கடைக்காரர் எடுத்துத் தோளில் வைத்தார். கிருபைராஜுக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டார்.

"நேசையா அண்ணாச்சி தோப்பு என் குட்டைக்குக் கீழ்ப்பக்கந்தான் இருக்கு. ரெண்டு வருசமா அவர் கிணத்துல மட்டும் உப்புக் குறைஞ்சிருக்கே, எந்தத் தண்ணின்னு நெனைக்கிய? நம்ம குட்டை ஊத்துதான். அந்தத் தாரும் என் தாரும் ஒரே தண்ணி குடிச்சதுதான்."

இப்போதாவது புரியும் என்று நின்றார். ஹெப்ரான் தாரைத் தோளிலிருந்து இறக்கி மண்ணில் வைத்துவிட்டு, சட்டைத் தோளை முகர்ந்து பார்த்தார்.

நேசையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏலே, அப்ப என் கிணத்தக் கெடுத்தது நீதானா?"

மறுநாள் மத்தியானத்துக்குள் மனு தயாராகிவிட்டது. குட்டைகளை உடனே மூடச் சொல்லி இரண்டு பக்கம் நிறையக் கையெழுத்து. இரண்டு வாரம் அலைந்தும் ஐந்து பேர் கிடைக்காத ஊர்தான் அது.

கொண்டு வந்தவர் நேசையா. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது கிருபைராஜ் பொறுப்பு என்பதால், பெற்றுக்கொண்டதாக அவர் எழுதித் தர வேண்டும். அவரிடம் பேனா இல்லை. நேசையா தன்னுடையதை நீட்டினார்.

கிருபைராஜ் எழுதிக் கொடுத்தார். நேசையா தாளை மடித்து வைத்துக்கொண்டு போகாமல் நின்றார். பார்வை மூன்றாவது குட்டைமேல் இருந்தது.

"ஆமா, ஒண்ணு கேக்கணும்வே. இத மூடுனா என் கிணத்துல திரும்ப உப்பு ஏறாதுல்லா?"

கிருபைராஜ் பேனாவை மூடி, நேசையாவின் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார்.