தண்ணீர் லாரி வரிசை

கல்லூரி மேடைக்குப் பின்னால் யாரோ பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டினார்கள். இருபது வருடமாக ராப் பாடிக் களைத்திருந்த எனக்கு, நான் வளர்ந்த மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது. அங்கே தண்ணீர் லாரி வரும்போதெல்லாம், வரிசையில் முந்துகிறவர்களை இந்தியும் தமிழும் கலந்த அடுக்குமொழியில், பக்கெட்டில் தாளம் போட்டுக் கிண்டல் செய்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஒருநாள் அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். "பொட்டப்புள்ள இப்படிக் கத்தலாமா?"

அவர் முன்னால் வாயே திறக்காத அம்மா, "விடுங்க, கத்தட்டும். கத்தாம இருந்து நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள்.

அப்பாவின் பிடி தளர்ந்தது.

"தீதி, ஜல்தி!" என்று மேடைப் படியிலிருந்து ஒரு மாணவி என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். மேடையில் என்னை நகரத்தின் முதல் பெண் ராப்பர் என்று அறிவித்தார்கள். இன்று பாடுகிறவர்களின் பட்டியலிலும் நான் ஒருத்திதான் பெண். வலிக்கிற தொண்டையோடு மைக்கை வாங்கினேன்.