வெள்ளிக்கிழமை போன்

மகன் அரபு நாட்டில் தம்மாமுக்கு வேலைக்குப் போன புதிதில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. பிழைக்க வந்த மலையாளத்து ஊரில், வலியசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருமுனையில் ஒரு போன் பூத். வெள்ளிக்கிழமைதோறும் அங்கேதான் கூப்பிடுவான். பூத்துக்காரர் தெருவில் இறங்கி நின்று, "அம்மே, மோன் விளிக்குந்நு", மகன் கூப்பிடுகிறான் என்று சத்தம் போடுவார். நான் போய்ச் சேரும்வரை வேறு யாரையும் போனைத் தொட விடமாட்டார்.

பல வருஷம் காத்திருந்து வீட்டுக்கே லைன் வந்தது. "இனி நம்மளெ வேண்டல்லோ" என்று பூத்துக்காரர் சிரித்தார். என் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். அவருக்கு ஒரே பெருமை. "ஏளா, கடைக்காரன் நாளைக்கே பூட்டிட்டுப் போயிருவான். இது சர்க்கார் லைன், எங்க போயிரும்?" அவர் வாக்கு பலித்தது போல பூத்தையும் ஒருநாள் மூடிவிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மகன் சொன்னான்: "எம்மா, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதானுவ. எனக்கு முடியல. தங்கச்சி கல்யாணம் வேற நிக்குது. அப்பாகிட்ட கேட்டு வையி. அடுத்த வெள்ளி கூப்பிடுதேன். வரவா, இருக்கவா, சொல்லு."

இவர் நாலு நாள் முனகினார். பிறகு, "வரட்டும். பிள்ளையை வித்தா கல்யாணம் நடத்தணும்?" என்றார்.

அந்த வாரம் ஏதோ தனியார் கம்பெனி கேபிள் போட ரோட்டைத் தோண்டியது. மறுநாள் போனில் சத்தமே இல்லை. குழிக்குள் நின்றவர்கள் தமிழ் பேசுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள். "ஆச்சி, தோண்டச் சொன்ன இடத்துல தோண்டுதோம். கம்பெனி ஆளு வந்தா கேளுங்க." அந்த ஆளை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். எந்த ஜன்னலில் கேட்பது என்று தெரியாமல் ஓரமாக நின்றேன். ஒருவர் கூப்பிட்டு விசாரித்தார், நல்ல மனுஷர். "அறுத்தது அவங்க, அம்மா. அவங்க நஷ்டம் கட்டாம நாங்க தொட முடியாது." "வெள்ளிக்கிழமை என் மகன் கூப்பிடுவான்" என்றேன். வேறு என்ன சொல்ல? "நோக்காம்", பார்க்கலாம் என்றார்.

பூத்துக்காரர் என்றால் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டிருப்பேன். கம்பெனிக்கும் சர்க்காருக்கும் மூஞ்சி எங்கே இருக்கிறது?

மகன் தங்கியிருந்த கம்பெனி கேம்பில் போன் கிடையாது. வெளியே வரிசையில் நின்றுதான் பேசுவான். கடிதம் போட்டாலும் நேரத்துக்குப் போய்ச் சேராது. வெள்ளிக்கிழமை இவர் வேலைக்குப் போகவில்லை. செத்த போனை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருதடவை எடுத்துக் காதில் வைத்துவிட்டு, "நீ சோத்தைப் போடு" என்றார்.

சில வாரம் கழித்து லைன் தானாக வந்தது. யார் சரிசெய்தார்கள் என்று தெரியாது. மகன் கூப்பிட்டான்.

"எங்க போயிருந்தீங்க? ரிங் போய்க்கிட்டே இருந்துது."

"ரோட்டைத் தோண்டி லைனை அறுத்துட்டானுவ. இங்க அடிக்கவே இல்ல, மக்கா."

"எனக்குக் கேட்டுதே. அறுந்தாலும் கூப்பிடுதவனுக்கு ரிங் கேக்கும்போல. திரும்பவும் வரிசையில நின்னு பாத்தேன். வான்னு சொல்ல முடியாமத்தான் எடுக்கலன்னு நெனைச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்."

வரச் சொல்லத்தான் இருந்தோம் என்று வாயெடுத்தேன். பக்கத்தில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த இவர், இனி எதுக்கு, வேண்டாம் என்று கையைக் காட்டினார். அடுத்த வெள்ளி எத்தனை மணிக்குக் கூப்பிடுவாய் என்று மட்டும் கேட்டேன்.