எண்ணெய் விலையும் ஓர் எவர்சில்வர் சட்டியும்

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம், ஒரு பனிக்காலம் முழுக்க ரொறன்ரோவில் பெற்றோல் மலிந்துகொண்டே போனது. நாங்கள் இருந்த மல்வேர்ன் பகுதியில் அதற்காகக் கவலைப்பட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். எங்களோடு சுவர் ஒட்டிய பக்கத்து ரவுண்ஹவுசில் இருந்த, ரக்சி ஓட்டுகிற ரக்சி அண்ணை, காரை நிரப்பிக்கொண்டு வரும்போதெல்லாம் வாசலில் நின்று எனக்கு விலை சொல்லுவார், கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுவதுபோல.

"பிள்ளை, இண்டைக்கும் விழுந்திட்டுது! இப்பிடியே போனால் சும்மா குடுப்பாங்கள் போல கிடக்கு."

"நல்லது அண்ணை" என்று சிரிப்பேன். உள்ளே வந்து மகளுக்குப் பால்மா கரைத்தபடி, ஒரு மனுசரின் சந்தோசத்தைப் பார்த்து வயிறெரிகிற அளவுக்கு நான் எப்போது கெட்டுப்போனேன் என்று யோசிப்பேன்.

காரணம் இதுதான். ஸ்காபுறோவில் என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை, அல்பேர்ட்டாவில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்தது. எங்கள் இருவரில் ஒருவரும் எண்ணெய்க் கிணற்றைக் கண்ணால் கண்டதில்லை. அல்பேர்ட்டா மேற்குப் பக்கம் என்பதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணெய் விலை ஏறினால் அங்கே கிணறு தோண்டுவார்கள், தோண்டினால் வால்வு வேண்டும், வால்வு வேண்டுமென்றால் இவருக்கு ஓவர்ரைம் கிடைக்கும். இந்தச் சங்கிலியின் கடைசி வளையம் எங்கள் பத்துமாத மகளின் பால் போத்தல். நான் ஊரில் பௌதிகம் படித்தவள். அமுக்கம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எங்கோ யாரோ எண்ணெய் வாங்காமல் விட்டால் எங்கள் குசினியில் ஏன் அமுக்கம் கூடுகிறது என்று எந்தப் பாடத்திலும் இருக்கவில்லை.

விலை உச்சத்தில் இருந்த காலத்தில் இவர்தான் அந்தத் தொழிற்சாலைக்குள் முதலில் போன தமிழ் ஆள். ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே வால்வின் விட்டம் அளக்கிறவர். வாய் திறக்காமல் வேலை செய்கிறார் என்று சுப்பர்வைசருக்கு மெத்தப் பிடித்துப்போய், "உன்னைப் போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டாராம். எங்களிடமா கேட்பது? அடுத்த திங்கட்கிழமையே இவருடைய மச்சான் முறையான ஒருவர் போனார். அவர் தன் கூட்டாளியைக் கொண்டுபோனார். கூட்டாளி தன் தம்பியை. கொஞ்ச நாளில் அந்த மதியச் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவுக்கு முன்னால் மீன்குழம்போடு ஒரு வரிசை நின்றது. கடைசியாகச் சேர்ந்தவன் ஒரு மன்னார்ப் பெடியன். எங்களுக்குச் சொந்தமும் இல்லை, ஊரும் இல்லை. பஸ்ஸில் ஒருநாள் இவருக்குப் பக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான் உறவு.

தை மாதத்தில் சுப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி வைத்து இரண்டு வழி சொன்னார். ஒன்று, கடைசியாக வந்தவர்களில் தொடங்கிப் பாதிப்பேரை நிறுத்துவது. மற்றது, ஒருவரையும் நிறுத்தாமல் எல்லோரும் கிழமைக்கு மூன்று நாள் மட்டும் வேலை செய்வது. குறையும் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் தரும், முழுவதையும் அல்ல. எது என்று வேலையாட்களே வெள்ளிக்கிழமை வாக்குச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். முதலாளிமார் ஜனநாயகத்தை இப்படியான நேரத்துக்கென்றே பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னார்.

"முதலாவது வழியில உங்களுக்கு ஒண்டும் நடக்காது, என்ன?" என்று கேட்டேன்.

"நடக்காது. நான்தானே முதல் வந்தனான்."

"ரெண்டாவதில?"

"ரெண்டு நாள் வீட்டில இருப்பன். நீர் பாவம்."

அவர் பகிடி விட்டார். நான் மனதுக்குள் மூன்று நாள் சம்பளத்திலிருந்து வீட்டுக் கடனை, அந்த மோட்கேஜைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாட்மென்றை விட்டு அந்த ரவுண்ஹவுசுக்கு வந்து ஒரு வருசமும் ஆகவில்லை. மகள் வளரும்வரை நான் வேலைக்குப் போவதில்லை என்று நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு வேறு இருந்தது. நல்ல தாய் என்றால் என்ன செய்வாள் என்று யோசித்தேன். தன் பிள்ளையை முதலில் பார்ப்பாள். நல்ல மனுசி என்றால்? அதற்குப் பதில் வரும் முன்னே சோறு அடிப்பிடித்துவிட்டது.

இவர் போடுகிற பக்கம்தான் மற்றவர்களும் போடுவார்கள் என்ற கதையில், புதன்கிழமைக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்கள் வரவில்லை. அவர்கள் வேலையிடத்தில் இவருடைய முகத்தையே பார்ப்பதில்லையாம், கேட்டதுபோல் ஆகிவிடும் என்று. வந்தது மனைவிமார். ஒருவர் ரோல்ஸ் கொண்டுவந்தார், ஒருவர் முறுக்கு. இரண்டும் வெறும் ஐஸ்கிரீம் வாளிகளில் வந்தன. ஸ்காபுறோவில் ஐஸ்கிரீம் வாளியில் பலகாரம் கொண்டுபோனால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. வாளியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. மகளுக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

மன்னார்ப் பெடியனின் மனைவி மட்டும் எவர்சில்வர் சட்டியோடு வந்தாள். மூடி போட்ட, அடி கனமான, ஊரிலிருந்து யாரோ காவி வந்து கொடுத்த சட்டி. ஏழு மாத வயிறு, அதற்கு மேலே பூட்ட முடியாத பனிக்கால ஜக்கெற். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான் அக்கா."

தை மாதத்தில், அந்தக் குளிருக்குள், மல்வேர்னுக்குச் சும்மா யார் வருவார்கள்? நானும், "ஓம், ஓம், வாரும்" என்று சும்மா வந்தவளை வரவேற்பதுபோலவே வரவேற்றேன். தேத்தண்ணி குடித்தாள். மகளை மடியில் வைக்க இடமில்லாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தாயை ஊரிலிருந்து இங்கே எடுப்பிக்க முடியவில்லை, பிள்ளை பிறந்தால் பார்க்க ஆளில்லை என்று ஒருமுறை சொல்லத் தொடங்கி, பிறகு, "உங்கட யன்னல் கேட்டின் நல்ல வடிவு அக்கா" என்று முடித்தாள். போகும்போது சட்டியைக் காட்டி, "பயத்தம்பணியாரம். அண்ணைக்குக் குடுங்கோ. சட்டிக்கு அவசரமில்லை" என்றாள்.

அவசரமில்லை என்றால், திருப்பித் தர வேண்டும் என்று பொருள்.

பணியாரம் அன்றே முடிந்தது. சட்டி கழுவித் துடைத்து மேசையில் இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் சாப்பாடு வந்தால் பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இது தெரியாமல் வளர்ந்திருந்தால் அந்தக் கிழமை எனக்கு எவ்வளவோ நித்திரை கிடைத்திருக்கும்.

ஏனென்றால் நான் முடிவெடுத்துவிட்டேன். வியாழக்கிழமை காலை, இவர் வேலைக்கு வெளிக்கிடும்போது சொன்னேன்.

"மூண்டு நாள் வேலை வேண்டாம் எண்டு போடுங்கோ. எங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்குது."

"ம்" என்றார்.

"அவைக்கு வேற வேலை கிடைக்கும். இளம் ஆக்கள்."

"ம்."

"நான் சொல்லுறது பிழையே?"

"நீர் சட்டிக்குள்ள என்ன போட்டுக் குடுக்கப் போறீர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சட்டியை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கொடுத்தால் அது கெட்ட செய்தியோடு போகும் சட்டி. கொடுக்காமலே வைத்திருந்தால் களவு. வெறுமையாக, வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் கொண்டுபோவது நினைக்கவே முடியாத காரியம். ஆகவே மரியாதைக்காக, வெறும் மரியாதைக்காக மட்டும், றவை லட்டு பிடித்தேன். அரைச் சட்டி போதும் என்று தொடங்கியது. ஆனால் அரைச் சட்டி லட்டைப் பார்த்தால் மனம் இல்லாமல் கொடுத்ததுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் பிடித்தேன். முக்கால் சட்டியும் எதையோ ஒளிக்கிற மாதிரித் தெரிந்தது. கடைசியில் மூடி அமத்தித்தான் பூட்ட வேண்டியிருந்தது. முந்திரிகைப் பருப்பு வேறு போட்டிருந்தேன். ஒருவருடைய வேலையைப் பறிக்கச் சொன்னவள் கஜுவில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும்.

மகளைத் தள்ளுவண்டியில் வைத்து, சட்டியை அவள் காலடியில் வைத்து, மோர்னிங்சைட் பக்கம் இருந்த அவர்களுடைய அப்பாட்மென்றுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் கை ஒரு தரம் தாழ்ந்தது, பாரம் அப்படி. மூடியைத் திறந்து பார்த்தாள், கண் நிரம்பிவிட்டது.

"அண்ணைக்குச் சொல்லுங்கோ அக்கா. நாங்கள் சாகும்வரைக்கும் மறக்க மாட்டம்."

"இல்லை... இது சும்மா..." என்றேன். அந்த ஊரில் அந்தக் கிழமை சும்மா என்ற சொல்லுக்கு ஒருவரும் மதிப்புக் கொடுக்கவில்லை. அவள் அதற்குள் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேர, ரக்சி அண்ணை வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, தம்பி ஓம் எண்டிட்டானாமே! பெரிய மனசு. நானும் கேள்விப்பட்டன்."

"ஆர் சொன்னது அண்ணை?"

"ஆர் சொல்லயில்லை எண்டு கேள்."

வெள்ளி பின்னேரம் இவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். எல்லோருக்கும் மூன்று நாள் என்று முடிவாகிவிட்டதாம். பெருவாரியாக.

"நீங்கள் என்ன போட்டனீங்கள்?"

"என்னை ஆர் கேட்டது? காலமை உள்ள போக முன்னமே சாப்பாட்டு அறையில வரிசையா நிண்டு கை குடுக்கிறாங்கள். மச்சான் என்னடா எண்டால், 'நீ ஓம் எண்ட படியால்தான் நானும் ஓம்' எண்டுறான். அவன் இவ்வளவு நாளும் வேண்டாம் எண்டு நிண்டவன். அந்தப் பெடியன் அழுறான். உதுக்குப் பிறகு வேண்டாம் எண்டு எழுத எனக்குக் கை வருமே?" குசினிப் பக்கம் எட்டிப் பார்த்து, "லட்டு மிச்சம் இருக்கோ?" என்றார்.

இருக்கவில்லை. எல்லாவற்றையும் சட்டிக்குள் போட்டிருந்தேன்.

இப்படியாக, எதிர்த்து நின்ற நான், ஒரு தொழிற்சாலை முழுவதையும் சம்மதிக்க வைத்தேன். அடுத்த மாதங்களில் செவ்வாயும் வியாழனும் இவர் வீட்டில் நின்றார். நான் சோற்றுக்கு விடும் தண்ணீரை, வால்வு அளக்கிற கண்ணால் பார்த்தார். மோட்கேஜ் கட்ட நாங்கள் இறைச்சி வாங்குவதைக் குறைத்தோம். மகள் முதன்முதல் எழுந்து நடந்தது ஒரு வியாழக்கிழமை, அவரை நோக்கி. உலகச் சந்தையில் எண்ணெய் விழாமல் இருந்திருந்தால் அவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். இதை நான் நன்மையில் சேர்ப்பதா என்று இன்றுவரை தீர்மானிக்கவில்லை.

மன்னார்ப் பெடியனுக்கு மகன் பிறந்தான். மகன் பிறந்து கொஞ்ச நாளிலேயே பெடியன், கார்ப் பாகங்கள் செய்யும் இடம் ஒன்றில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். நாங்கள் எல்லோரும் இரண்டு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றிய வேலையை அவன் ஒரு பின்னேரத்தில் விட்டுவிட்டுப் போனான். "நன்றி கெட்டவன்" என்றார் மச்சான். நானும் அப்படி நினைத்தேன். பிறகு, நான் நினைக்கலாமா என்றும் நினைத்தேன்.

பங்குனி போய்ச் சித்திரை வர, எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. ரக்சி அண்ணை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். நான் உள்ளே பாட்டுப் பாடினேன். அந்த ஏற்றத்தில்தான் முதலாளிமார் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இனிமேல் வால்வுக்குக் கிராக்கி என்றால், அதைக் கிணறுகளுக்குப் பக்கத்திலேயே செய்தால் என்ன? கோடையில் இயந்திரங்கள் லொறியில் ஏறி அல்பேர்ட்டா போயின. விலை விழுந்தபோது தப்பிய வேலை, விலை ஏறியதும் போய்விட்டது. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேச்சே இல்லை. எல்லோரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தார்கள்.

இவர் பத்திரிகை பார்த்தார், அங்கும் இங்கும் போய் வந்தார். ஒரு கிழமையும் சும்மா இருக்கவில்லை, ஒன்றும் கிடைக்கவும் இல்லை. அந்தப் பெடியனிடம் கேட்கச் சொன்னேன். "நான் எப்பிடிப் போய்க் கேக்கிறது?" என்றார். ஆண்கள் போவதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஒரு செவ்வாய்க்கிழமை கட்லெட் பொரித்தேன். ஐஸ்கிரீம் வாளி ஒன்று கழுவி வைத்திருந்தேன். கட்லெட்டை அதற்குள் அடுக்கினேன். திரும்ப வெளியில் எடுத்தேன். மேல் தட்டிலிருந்து என்னுடைய கலியாணத்துக்கு வந்த எவர்சில்வர் சட்டியை இறக்கி, அதற்குள் அடுக்கி, மூடியைப் பூட்டினேன்.

கதவைத் திறந்தவளின் தோளில் பிள்ளை நித்திரையாக இருந்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்றேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள். "வாங்கோ அக்கா, வாங்கோ" என்றாள். மகனுக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசினோம். கேட்டின் நல்ல வடிவு என்று நான் சொன்னேன். போகும்போது, "சட்டிக்கு அவசரமில்லை" என்றேன். என் குரலை எனக்கே பிடிக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் பெடியன்தான் சட்டியைக் கொண்டுவந்து தந்தான், கார் எஞ்சினை நிறுத்தாமலே. "அக்கா, அண்ணை நிக்கிறாரே? இல்லையா? சரி, பிறகு ரெலிபோன் எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசற்படியில் சட்டியோடு நின்றேன். மூடியைத் திறக்கத் துணிவு வரவில்லை. கையில் வைத்து மெல்ல ஒருமுறை உயர்த்திப் பார்த்தேன்.

பாரமாக இருந்தது.