பட்டன் தட்டும் ஒரு சாக்பீஸும்

இன்று நான் யாரைச் சந்தித்தேன் தெரியுமா? ஒரு தையல் மிஷின் மெக்கானிக்கை! அம்மாவின் மிஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்ததால் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பெண் விரல் நுனியை மிஷின் மேல் வைத்துச் சக்கரத்தை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். "கொக்கி தேஞ்சிருக்கு." அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. அவருக்குக் காது பாதிதான் கேட்கும், அதோடு சர்க்கரையும் உண்டு.

எதிரே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவருடைய அக்காவுக்கும் அதே இரண்டு கோளாறுகள். கூடவே, கொஞ்ச நாளாக நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் இதயத்தைக் காட்ட வா என்று தங்கை கெஞ்சுகிறார். அக்கா அசைவதாக இல்லை. இரண்டு பேருமே கத்தித்தான் பேசுகிறார்கள். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தானாம், அதனால் காது போனது வெகுநாள் யாருக்கும் உறைக்கவே இல்லையாம்!

"எல்லாம் அப்பா குடுத்த சொத்துடி! இனிப்பைக் கண்டா விடமாட்டாரே!"

"பாவம், அவரை விடுக்கா. இது அம்மா வழி, என் ஜீன் டெஸ்ட்டுலயே வந்துடுச்சு."

"செத்துப் போனவளைச் சொல்லாத. எனக்கும் அதே டெஸ்ட் எடுத்து, ரத்தத்துல ஒண்ணுமில்லன்னு வந்துச்சே?"

"வயசாக ஆக ரத்தத்துல அந்த ஜீன் மாற்றம் குறைஞ்சிடுமாம். யூரின்ல நல்லாத் தெரியுமாம். டாக்டர்தான் சொன்னார்."

நம் செல்களுக்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபணுக்கள் இருக்கின்றன. புரதம் கட்டத் தேவையான பொருளைச் சுமந்து வருவது டி.ஆர்.என்.ஏ. மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் அதன் மரபணு ஒன்றில் ஒரே ஒரு எழுத்து மாறியதுதான் தங்கைக்கு வந்த வினை. இந்த மாற்றம் சிலருக்குக் காதை, சர்க்கரையை, தசையை, சிலருக்கு இதயத்தையே பாதிக்குமாம். வருவது தாயிடமிருந்து மட்டும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

அக்கா நம்பவில்லை. தங்கை மேஜை மேல் கிடந்த கறுப்புத் துணியை இழுத்து, துணி வெட்டும் சாக்பீஸால் வட்டங்கள் போட்டார்.

"இது மாமா, அம்மா கூடப் பொறந்தவர், காது கேக்காது. அவர் பசங்க?"

"பாம்புச் செவி."

"இது சித்தி, அம்மாவோட தங்கச்சி, கேக்காது. அவங்க பசங்க?"

அக்காவின் ஊசி நின்றது. "ரெண்டும் காது மெஷின் மாட்டியிருக்குங்க..."

"இப்ப சொல்லு, நம்ம அப்பா எங்க வந்தார் இதுல?"

அக்கா துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருஷமா அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்திருக்கேனேடி." கண்ணைத் துடைத்தார். நானும்தான். "என் பொண்ணு?"

"அவளுக்கும் இருக்கலாம். அதோட அளவு ஆளுக்கு ஆள் மாறும். முதல்ல உன்னைப் பார்ப்போம்."

"யூரின் பிடிக்கிற அந்த டப்பாவைக் குடு. ஹார்ட் ஸ்கேனும் இன்னைக்கே எடுத்துடலாம். அப்புறம் மனசு மாறிடுவேன்."

பட்டன் தட்டை மூடிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். என் மிஷின் அங்கேயே கிடக்கிறது, கிடக்கட்டும்!

உங்கள் வீட்டில் அம்மா வழியில் சர்க்கரையும் காது மந்தமும் ஜோடியாக வருகிறதா? டாக்டரிடம் இதைக் கேளுங்கள். தயவுசெய்து உங்கள் குடும்பக் குழுவில் இதைப் போட்டுவிடுங்கள், முதலில் சித்திமார்களுக்கு!