இரண்டின் தோளில் ஒரு சின்ன மூன்று

கணக்கு டீச்சர் வேலை என்பது, தெளிவாக எழுதிவிட்டு, குழம்பிய முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது. கரும்பலகைக்கு முன்னால் தொண்டை காய்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும், ஆள் இல்லையென்று கூப்பிட்டதால், கள்ளக்குறிச்சியில் காலை பஸ் பிடித்து, கல்வராயன் மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போய்வருகிறேன். ஏழாம் வகுப்பு. அடுக்குகள் பாடம் நடந்த வாரத்தின் கதை இது.

தோள்

பெரிதாக ஓர் இரண்டு எழுதி, அதன் வலது தோளில் சின்னதாக ஒரு மூன்றை உட்கார வைத்தேன். திருவிழாக் கூட்டத்தில் அப்பாவின் தோளில் ஏறிய பிள்ளைபோல இருந்தது. சற்று நேரம் நானே அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஜன்னலோர பெஞ்சில் ஜோதி எழுந்தாள். மளிகைக்கடைக்காரர் மகள், வாய் ஓயாதவள்.

"இன்னா டீச்சர், எடம் பத்தலையா, மேல எழுதிட்டீங்க?"

படி

'இரண்டின் மூன்றாம் படி' என்று வாசித்தேன். சாமையும் தினையும் படியால் அளக்கிற வீட்டுப் பிள்ளைகள். வகுப்பு ஒரே குரலில் 'ஆறு' என்றது. ரெண்டு படியை மூணு தரம் அளந்தால் ஆறுதானே! அளக்கவில்லை, இரண்டை மூன்று முறை எழுதிப் பெருக்குகிறோம், எட்டு என்றேன்.

ஜோதியின் பக்கத்தில் அலமேலு மட்டும் ஆறும் சொல்லவில்லை, எட்டும் சொல்லவில்லை. பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் வாய் திறக்காதவள். மலையின் அந்தப் பக்கத்து ஊரிலிருந்து அவள் அப்பா போன வாரம் வந்திருந்தார். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பெண் பேசாவிட்டால் அழைத்துப்போய்விடுவதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"இங்க ஊமையாட்டம் குந்திக்கினு இருக்குது. வூட்ல இருந்தா ஆடுங்ககிட்டயாவது பேசும்ங்க."

அடுக்கு

மறுநாள் 'படி'யை விட்டுவிட்டு 'அடுக்கு' என்றேன். பக்கத்து அறையில் தமிழ் வகுப்பு, அங்கே அடுக்குத்தொடர். 'வா வா வா', 'போ போ போ' என்று அலையலையாக வந்தது. வெளியே மழையும் ஏதோ ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குக் கணக்கு கொஞ்சம் மறந்துபோயிற்று. ஜோதிக்கு மறக்கவில்லை.

"தமிழ்ல மூணு தபா வான்னு அடுக்குனாலும் வரப்போறது ஒரு ஆளுதான். கணக்குல மட்டும் ஏன் டீச்சர் எட்டாவுது?"

நிலா

வியாழக்கிழமை ஒரு செய்தித்தாளை மடித்துக் காட்டினேன். ஒரு மடிப்புக்கு இரண்டு தாள் கனம், அடுத்ததற்கு நான்கு, பிறகு எட்டு, பதினாறு. ஏழாவது மடிப்பில் என் விரல்கள் தோற்றன. விடாமல் மடிக்க முடிந்தால் நாற்பத்திரண்டாவது மடிப்பில் நிலாவைத் தொட்டுவிடும் என்றேன். மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே நுழைந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது பெஞ்சிலா மேகத்திலா என்று தெரியாமல் செய்தது. அந்த வெளுப்புக்குள் அலமேலு, ஜோதியின் காதில் ஏதோ சொன்னாள். ஜோதி தூது வந்தாள்.

"அலமேலு கேக்குது டீச்சர், அம்மாந்தூரம் போனப்பறம் ஆரு கைய நீட்டி மடிக்கறது?"

பூஜ்ஜியம்

வெள்ளிக்கிழமை, மகளின் துணிகளை எடுத்துப்போக ஒரு வெறும் பையோடு அலமேலுவின் அப்பா வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். கதவோரமே நின்றார். இரண்டின் தோளில் பூஜ்ஜியத்தை எழுதி, இதன் மதிப்பு ஒன்று என்றேன். இந்த இடத்தில் எந்த வகுப்பும் நம்மை நம்புவதில்லை. எல்லாரும் போன வீட்டில் மிஞ்சுகிற ஒன்றைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைப் பாடமாக நடத்த முடியாதே. வகுப்பு கேட்க நினைத்ததை அவரே சிரித்தபடி கேட்டார்: "மேல ஒண்ணுமே இல்லையே, அப்பறம் ஒண்ணு எப்பிடிங்க வரும்?"

நான் பதில் சொல்வதற்குள் பெஞ்சு நகர்ந்தது. அலமேலு நின்றுகொண்டிருந்தாள். "மடிக்கவே இல்லன்னாலும் பேப்பரு ஒண்ணு இருக்கும் இல்லப்பா?" குரல் கரகரத்தது. ஆனாலும் கதவு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அவர் மகளையே பார்த்தார். கையிலிருந்த பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பஸ்ஸு வந்துரும், நான் கெளம்பறேங்க. பாப்பா பேசிக்கினு இருக்கட்டும்."

அடுக்கு என்றால் என்னவென்று இப்போது எனக்கே நன்றாகப் புரிகிறது: ஜன்னலோரத்தில் ஒருத்தி பேசத் தொடங்கினால், மணி அடிப்பதற்குள் வகுப்பே பேசுகிறது.