அப்பாவின் இடாப்பில் என் பெயர்

கண்டி வாவிக் கரையில் அப்பா தன் தலையிலிருந்து என் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்த இடத்தை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும். இங்கிலீஷ் பள்ளிக்கூட வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மரத்தடி. பெட்டியை இறக்கி, தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்து, மறுபடி கட்டிக்கொண்டு, அதுவரை கையில் மடித்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டி சுமந்து வந்தவராக அவரை பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பாதிரியார் பார்த்துவிடக் கூடாதாம். எனக்கோ புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. “நொண்டாம நடப்பா” என்றார். நடந்தேன். என்னைச் சேர்த்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார் என்று நெடுநாள் கோபம் வைத்திருந்தேன். பத்து வயசுக் கோபத்துக்கு என்ன தெரியும்!

அப்பா கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவர் ஒருவர்தான் அங்கே வாத்தியார். தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, மண் தரை, பிள்ளைகள் உட்கார நாலைந்து வாங்குகள். தமிழும் கணக்கும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் இந்த நாட்டில் படிப்பும் இரண்டு சாதியாகத்தான் இருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் படித்தால் காசில்லை. அந்தப் படிப்பு போய்ச் சேரும் இடம் கொழுந்துக் கூடை, மண்வெட்டி. இங்கிலீஷில் படிக்கச் சம்பளம் கட்ட வேண்டும். அது போய்ச் சேரும் இடம் சர்க்கார் கச்சேரிக் கதிரை. இதை அப்பாவைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் மலையில் யாருமில்லை. அறிந்தும், பொழுது சாய்ந்தால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, பிள்ளையை அனுப்பு தாயி என்று கெஞ்சுவார். கையெழுத்துப் போடத் தெரிந்தவனைக் கங்காணி ஏமாற்ற முடியாது என்பார். மனசார நம்பித்தான் சொன்னார். தன் பிள்ளை என்று வந்தபோது அந்த நம்பிக்கை அவருக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி, நான் அத்தை என்று கூப்பிடும் கடைசி லயத்துக்காரியின் மகள். மனக்கணக்கில் நான் விரல் மடக்கி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து நாக்கைத் துருத்துவாள். நியாயம் பார்த்தால் கண்டிக்குப் போயிருக்க வேண்டியவள் அவள்தான். நான் போன மறுமாதமே அவளை நிறுத்திக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டாள் அத்தை. முதல் லீவுக்கு நான் வந்திருந்தபோது அப்பா அவர்கள் வாசலுக்குப் பேசப் போனார். நானும் சப்பாத்தோடு பின்னாலேயே போனேன். போயிருக்கக் கூடாது. அத்தை சண்டை பிடிக்கவில்லை. என் காலைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“வாத்தியாரய்யா, நீங்க நடத்துற பள்ளிக்கூடம் நல்லதுன்னா, தம்பி அதுலதானே படிச்சிருக்கணும்?” என்றாள்.

வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அந்தக் கேள்வி லயம் முழுக்கப் பரவிவிட்டது. கடைக்காரனே தின்னாத வடையை நாம ஏன் வாங்கணும் என்று, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கேலி பேசினார்களாம். ஒவ்வொரு பிள்ளையாக நின்றது. வாங்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அப்பா மட்டும் விடியற்காலையில் மணியடித்துவிட்டு, இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வந்தார். அப்போது நான் அங்கே இல்லை, பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். அவர் வரவு இடாப்பைப் பிரித்து, பெயர் பெயராக வாசித்து, ஒவ்வொருவரையும் எழும்பி நிற்கச் சொன்னார். நின்றுபோன பிள்ளைகளுக்கெல்லாம் வரவில்லை என்று ஒழுங்காக எழுதியிருந்தது. என் பெயருக்கு நேரே மட்டும், நான் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியும், ஒரு நாள் விடாமல் வரவு போட்டிருந்தது. வித்தியாதரிசி என் பெயரை இரண்டாம் தரமும் வாசித்தார். பாவம், பிள்ளைகளுக்கு அது பெருமை. அவன் கண்டியில் இங்கிலீஷ் படிக்கிறான் சார் என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். பொய் வரவு எழுதியவரை எந்தச் சர்க்கார் வைத்திருக்கும்? தலைக்கணக்கில் வரும் மானியத்துக்காக ஆள் சேர்த்துக் காட்டினார் என்று எழுதிவிட்டார்கள். வேலை போயிற்று. வேறு வாத்தியாரும் வரவில்லை. கொட்டகையில் தேயிலைப் பெட்டிக்கான பலகைகளை அடுக்கி வைத்தார்கள்.

லீவுக்கு வந்த நான் அப்பாவிடம் நியாயம் கேட்டேன். பொய் சொல்வது பாவம் என்று தினமும் இங்கிலீஷில் ஒப்பித்துவிட்டு வந்தவன் அல்லவா! மானியத்துக்கா இப்படிச் செய்தீர்கள், ஊரே சிரிக்கிறதே என்றேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“மத்த பிள்ளைகளுக்கெல்லாம் வரலைன்னு எழுதிட்டேன். ஒன் பேருக்கு நேர அப்பிடி எழுதக் கை வரலப்பா. காலையில ஒருக்கா ஒன் பேரைக் கூப்பிட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும்.”

“அது பொய்தானே” என்றேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். அன்றைக்கு அப்படிப் பேசிய நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இந்த வயசிலும் தோன்றுகிறது. பிறகு நானும் கச்சேரிக் கதிரையில் உட்கார்ந்தேன். என் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தேன். ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அத்தை வந்து கேட்டிருந்தால் அப்பாவைப் போல் நானும் திரும்பித்தான் நடந்திருப்பேன். ஆனால் எங்கள் தெருவில் அப்படிக் கேட்க யாருமில்லை. எல்லோரும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் பிள்ளைகளை அனுப்பினோம்.

பள்ளிக்கூடம் போன பிறகு தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இரக்கப்பட்டு அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். அந்தியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெயர் கூப்பிட்டு நிறையை எழுதுகிற வேலை. அப்பாவிடம் நியாயம் கேட்ட அந்த லீவு முடிந்து கண்டிக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் அப்பாவைத் தேடி அங்கே போனேன். பெண்கள் கூடையும் முதுகுமாக வரிசையில் நின்றார்கள். அப்பா குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி லயத்து அத்தை மகளின் பெயர் வந்தது. தன்னைவிடப் பெரிய கூடையோடு முன்னால் வந்தவள், பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலைக் கேட்ட பழக்கத்தில் சட்டென்று நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, “உள்ளேன் ஐயா” என்றாள்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா நிறையை எழுதினார். பிறகுதான் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.