இரண்டாவது கம்ப்யூட்டரில் இருந்த குரல்

மாத்தளையில் மிளகும் கறுவாவும் வாங்கும் கடையொன்றின் மேல்மாடியில் அந்த ஸ்டூடியோ இருந்தது. பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியது போக, கோயில் பாட்டு, பள்ளிக்கூடப் பாட்டு, சடங்கு வீட்டுப் பாட்டு என்று கேட்டவர்களுக்கு வரி எழுதிக் கொடுக்க நான் அங்கே போய்வந்தேன். ஸ்டூடியோக்காரர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த கீபோர்ட்காரர். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டது அவருடைய தங்கை.

மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் ஏதேதோ ஆபீஸ்களில் கழித்துவிட்டவை. வயலின், தவில், புல்லாங்குழல் என்று ஒவ்வொரு சுரமாகப் பதிந்து வைத்த ஒலிகளைச் சாம்பிள் என்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றிலேயே ஏற்றினால் அது பாதியில் நின்றுவிடும். அதனால் தங்கை மூன்றையும் வயரால் இணைத்துச் சுமையைப் பிரித்திருந்தார். முதலாவதில் பாட்டு மட்டும் இருக்கும். அண்ணன் கீபோர்டில் கட்டையை அழுத்தினால் வயலினும் கோரஸ் குரலும் இரண்டாவதிலிருந்து வரும், தாளம் மூன்றாவதிலிருந்து வரும். ஒரு நிபந்தனை உண்டு. மற்ற இரண்டிலும் ஒலிகள் ஏறி முடிந்த பிறகுதான் முதலாவதில் பாட்டைத் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் பாட்டு அவற்றைக் காணாமல் வெறுமையாகத் திறக்கும். காலையில் வந்து அந்த வரிசையில் போட்டுவைப்பது தங்கையின் வேலை.

இரண்டாவதில் இருந்த கோரஸ் குரலும் தங்கையுடையதுதான். கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் என்றானபோது, குரல் போகக்கூடும் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அண்ணன் அவரை மைக்கின் முன் உட்காரவைத்து ஆ, ஈ, ஊ என்று ஒவ்வொரு சுரத்திலும், மெதுவாகவும் ஓங்கியும் பாடவைத்தார். ஒரு ஞாபகத்துக்கு என்று சொன்னாராம். ஆபரேஷனுக்குப் பிறகு தங்கைக்கு வெறும் காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பேச்சு விளங்கும். அவர் பாடிவைத்த ஆவும் ஈயும் ஊவும் வருகிற எல்லாப் பாட்டுக்கும் கோரஸாகப் போய்க்கொண்டிருந்தன.

தங்கை அண்ணனிடம் கேட்டது அந்தக் குரலில் ஒரு காப்பி. புது பென்டிரைவ் ஒன்றை வாங்கி மேசையில் வைத்திருந்தார். அது அங்கேயே கிடந்தது. நீங்களே போட்டுக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். கம்ப்யூட்டர் முழுக்க அவர் கையில்தான் இருந்தது.

“களவெடுக்கவா சார்? என்னோடதுதானே. அவரு எடுத்துக் குடுக்கட்டும்.”

அண்ணனிடம் நான் ஒருமுறை பேசிப் பார்த்தேன். கொண்டுபோய் வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிடுவாள், இங்கே இருந்தால் நாலு வீட்டு விசேஷத்துக்காவது பாடும் என்றார்.

தம்புள்ளையில் மொத்தமாக மரக்கறி எடுத்து விற்கும் முதலாளி ஒருவர், மகளுடைய பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பாட்டுக் கேட்டு வந்தார். வரி என்னுடையது. பாட்டு முடியும் தறுவாயில் கேட்டுப் பார்க்க வந்தவருக்குக் கோரஸ் பிடித்துப்போயிற்று. பாடுகிற பிள்ளை யார் என்று விசாரித்தார்.

“அது கம்ப்யூட்டர், மொதலாளி. சளி புடிக்காது, லீவு கேக்காது.”

முதலாளி சிரித்தார். அண்ணன் அதோடு விட்டிருக்கலாம். இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த தங்கை பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, நீயும் அதே மாதிரி ஒரு ஆ குடு. எது நல்லாயிருக்குன்னு மொதலாளி சொல்லட்டும்.”

முதலாளிக்கு விஷயம் தெரியாது. காதைக் கொடுத்துக் குனிந்தார். தங்கை வாயைத் திறந்தார். காற்று வந்தது. பிள்ளை கூச்சப்படுகிறது என்று நினைத்து, சத்தமாப் பாடு புள்ள என்று அவர் உற்சாகப்படுத்தினார். அண்ணன் கட்டையை அழுத்தினார். தங்கையின் குரல் ஸ்பீக்கரிலிருந்து அறை நிறைய வந்தது. முதலாளி கைதட்டினார். தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. முதலாளி பாட்டை வாங்கிப் போக வந்து உட்கார்ந்திருந்ததால் அண்ணன் அவசரத்தில் முதலாவதை முதலில் போட்டுப் பாட்டைத் திறந்தார். திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்று அழுத்தினார். சொல்லாமல் கரண்ட் போகிற ஊர் என்பதால் எதைத் தொட்டாலும் உடனே சேவ் பண்ணுவது அவர் பழக்கம். அன்றும் பண்ணினார். எந்த இசை எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வரவேண்டும் என்ற இணைப்பு முழுவதும் அழிந்தது. பிறகு மற்ற இரண்டையும் போட்டும் பாட்டு ஊமையாகவே ஓடியது.

தங்கைக்கு போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டும் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போனில் காற்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

“காப்பிய அண்ணன் கையால தரச் சொல்லுங்க சார். வந்து சரிபண்ணித் தாரேன்.”

கேட்டதை அப்படியே சொன்னேன்.

“குடுத்துத் தொலைங்களேன் மாஸ்டர்,” என்றார் முதலாளி.

வெளியாள் முன்னால் அந்தச் சொல் அண்ணனுக்குச் சுட்டிருக்க வேண்டும். எழுந்துபோய் இரண்டாவது கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தார். பென்டிரைவ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குரல் இருந்த ஃபோல்டரை அழித்தார். குப்பைக்கூடையையும் காலிசெய்தார். இடமில்லை என்று வெகுநாளாக ஏற்றாமல் வைத்திருந்த புது வயலின்களை அந்த இடத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டு, என் கையிலிருந்த போனுக்குக் குனிந்தார்.

“ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இப்ப சரியா?”

என்ன செய்தார் என்று தங்கை என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அண்ணன் இணைப்புகளைத் தட்டுத்தடுமாறித் தானே போட்டு முடித்தார். கோரஸ் வந்த இடங்களில் வயலின் வந்தது.

விழா உக்குவளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதலாளி ஸ்டூடியோக்காரரைக் குடும்பத்தோடு அழைத்திருந்ததால் தங்கையும் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்ணை மேடைக்குக் கூட்டி வரும்போது பாட்டைப் போட்டார்கள். முடிந்ததும் முதலாளி எங்களிடம் வந்தார்.

“அன்னைக்குக் கேட்டத விட இதுதான் சார் எடுப்பா இருக்கு. என்னமோ ஒண்ணு கூட்டியிருக்காங்க.”

தங்கை அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். மண்டப இரைச்சலில் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. முதலாளி ஆமா, ஆமா என்று தலையாட்டிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போனார்.